ஏழு மாதத்தில் ஜப்பானிய மொழி: தேவகோட்டைத் தம்பிக்கு எழுதிய பதில்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி எனக்கு எழுதியிருக்கிறார். இயந்திரவியல் டிப்ளமோ முடித்தவர், ஜப்பானில் வேலைக்குப் போக நினைக்கிறார், வரும் டிசம்பரில் நடக்கும் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையில் (ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) தேற வேண்டும், கையில் ஏழு மாதம் இருக்கிறது. அவர் கேட்பவை மூன்று. ஏழு மாதம் போதுமா? சென்னையில் போய்த் தங்கிப் படித்தால்தான் ஆகுமா? நாள் முழுக்க ஜப்பானியத் தொடர்களைப் பார்த்தால் மொழி தானாக வந்துவிடும் என்று நண்பர்கள் சொல்வது உண்மையா? நான் ஆறு ஆண்டுகள் ஜப்பானில் தொழிற்சாலைப் பொறியாளனாக இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன். பிறகு இங்கே சில பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லிக் கொடுத்தும் வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அந்தத் தேர்வு 2010-க்கு முன் நான்கு நிலைகளாக இருந்தது. இன்றைய என்4-க்கு ஏறக்குறைய இணையான அன்றைய மூன்றாம் நிலைக்கு 300 மணி நேரப் படிப்பு, 1500 சொற்கள், 300 கான்ஜி எழுத்துகள் என்று அளவு சொல்லியிருந்தார்கள். (கான்ஜி என்பது சீனத்திலிருந்து ஜப்பானியர் எடுத்துக்கொண்ட எழுத்து, ‘கஞ்சி’ என்று வாசித்துவிட வேண்டாம்.) அந்த 300 மணி நேரம் தேர்வறையில் விடையைக் குறிப்பதற்குப் போதும், வாயைத் திறந்து பேசுவதற்குப் போதாது என்பது என் கணிப்பு. நாளுக்கு நான்கு மணி நேரம் உண்மையாகவே படித்தால் ஏழு மாதத்தில் 800 மணி நேரத்தைத் தாண்டிவிடலாம்; அது தேர்வுக்கும் போதும், ஓரளவு பேச்சுக்கும் போதும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கென நடத்தும் பயிற்சி நிறுவனத்தில் ஜப்பானியத்துக்கு 88 வாரம், அதாவது 2200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அலுவலகப் பேச்சுவார்த்தை நடத்தும் அளவுக்குத் தேறுவதற்கான கணக்கு. அவர்களே தமிழுக்கும் பர்மிய மொழிக்கும் அதில் பாதியான 44 வாரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழிலிருந்து ஜப்பானியத்துக்குப் போகிறவருக்குத் தூரம் எவ்வளவு என்று அவர்கள் அளந்து பார்க்கவில்லை. ஆங்கிலத்திலிருந்து போவதைவிடப் பல இடங்களில் அது குறைவு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, ஏழு மாதம் போதும். ஆனால் அந்த 800 மணி நேரம் எப்படிப்பட்ட மணி நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பர்மிய மொழியைச் சொன்னதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறொரு நினைவு வரும். என் ஐயா (அப்பாவின் அப்பா) பதினான்கு வயதில் ‘கொண்டுவிக்க’ப் போனவர், அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போனவர். ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு சிற்றூரின் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பிறகு அடுத்தாளாக உயர்ந்தார். அவருக்குப் பர்மிய மொழியை யாரும் பாடம் நடத்தவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நெல் விவசாயிகள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மேலாள் வெளியே போய்விட்டால் இந்தப் பையன்தான் பதில் சொல்ல வேண்டும். பணம், நெல், மழை, நாளை, அடுத்த மாதம் என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை ஒரே சொற்களைக் கேட்டும் சொல்லியும் வந்தால் அவை மறப்பதற்கு இடமே இல்லை. பணத்துக்குப் பர்மியச் சொல் ‘ங்வே’. அரிச்சுவடியோடு நாம் விட்டுவிட்டு வந்த அந்த ஙகரம் அங்கே சொல்லின் முதலிலேயே வந்து நிற்கிறது என்று ஐயா சொல்லிச் சிரிப்பார். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்து ஊருக்கு வந்தபோது அவருக்குப் பர்மிய மொழியில் சண்டை போடவே தெரிந்திருந்தது என்பது அப்பத்தாவின் சாட்சியம்.

அதே காலத்தில் ஐயாவின் பங்காளி ஒருவர் ரங்கூன் மொகல் தெருவில் எட்டு ஆண்டுகள் இருந்தார். அங்கே கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) பேசுவது தமிழ், கணக்கெழுதுவது தமிழ், சமையற்காரர் நம் ஊர்க்காரர், மாலையில் போவது முருகன் கோயில். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அவருக்குத் தெரிந்தது சந்தையில் விலை கேட்கும் அளவுதான். ஊரளவில் பார்த்தால் இருவரும் பர்மாவில்தான் இருந்தார்கள். மொழியளவில் பார்த்தால் பங்காளி செட்டிநாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. (1942-இல் ஜப்பானியப் படை வந்ததும் இருவருமே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். தன்னைத் துரத்திய படையின் மொழியைப் பேரன் காசு கொடுத்துப் படித்ததை ஐயா கடைசிவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.)

இந்தக் கதையை அப்போதே நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் என் முதல் எட்டு மாதம் வீணாகியிருக்காது. ஜப்பானுக்குப் போனதும் ஒரு தொழிற்சாலையின் விடுதியில் ஆறு தமிழர்களோடு தங்கினேன். இரவில் சாம்பார், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம், வேலையிடத்தில் ஆங்கிலம் தெரிந்த மேலதிகாரி. எட்டு மாத முடிவில் வணக்கமும் நன்றியும் மன்னிப்பும் சொல்லத் தெரிந்தது. அதன் பிறகு மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த கிளைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரே இந்தியன் நான். முதல் மாதம் தலைவலியோடுதான் தூங்கினேன். நான்காம் மாதத்தில் இயந்திரம் பழுதாவதற்கான காரணத்தை எதிரே நிற்கும் தொழிலாளிக்கு விளக்க முடிந்தது. அவர் மறுத்துப் பேசியதும் புரிந்தது. அந்த நான்கு மாதத்தில் நான் புதிதாக வாங்கிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ தாவித் தப்பிக்கும் வழி அடைபட்டது. மாறியது அது ஒன்றுதான்.

எனவே, தம்பி, ‘மூழ்கிப் படித்தல்’ என்று சொல்வதை விமானச் சீட்டோடு சேர்த்து எண்ணாதீர்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மிடில்பரி கல்லூரி 1915 முதல் கோடைக்கால மொழிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. அங்கே சேருகிறவர்கள் படிக்க வந்த மொழியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார்கள்; சாப்பாட்டு மேசையிலும் விளையாட்டிடத்திலும் அதேதான். படிக்கும் மொழியின் நாட்டுக்குப் போகாமலே அந்த நாட்டை ஒரு வளாகத்துக்குள் உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. இதை நம் வீட்டிலும் செய்யலாம். என்னிடம் படித்த ஒரு பெண் தன் வீட்டின் இரண்டாங்கட்டை ஜப்பானியத்துக்கென்று ஒதுக்கினாள். முகப்பிலும் வளவிலும் தமிழ். இரண்டாங்கட்டின் நிலையைத் தாண்டினால் அவள் வாயிலிருந்து ஜப்பானியம்தான் வரும், ஆத்தா கூப்பிட்டால்கூட. பெரிய வீட்டில் ஆளில்லாத கட்டுகள் இப்படியாவது பயன்பட்டனவே என்று அவள் ஆத்தா சொன்னதாகக் கேள்வி. அங்கே தனியாக என்ன பேசுவது என்று கேட்பீர்கள். செய்வதைச் சொல்வதுதான்: சன்னலைத் திறக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், நேற்று மழை பெய்தது, கொடியில் துணி காயவில்லை. சொல் தெரியாத இடத்தில் வாக்கியம் முட்டி நிற்கும். அந்தச் சொல்லை அப்போதே ஒரு தாளில் எழுதி வைத்து மாலையில் தேடிப் பிடித்தால், அது தேவைப்பட்டு வந்த சொல் என்பதால் எளிதில் போகாது.

நாம் பேச வேண்டும் என்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்குக் காரணம் உண்டு. கனடாவின் கியூபெக்கில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965-இல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சு மொழியிலேயே நடத்தத் தொடங்கினார்கள். அதைப் பின்பற்றி நாடெங்கும் எழுந்த பள்ளிகளின் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கிவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றன. மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985-இல் இதற்குச் சொன்ன விளக்கம், கேட்பதற்கு ஏராளமாகக் கிடைத்த அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்களே முழு வாக்கியம் அமைத்துப் பேச வேண்டிய கட்டாயம் போதுமான அளவு இருக்கவில்லை என்பதாகும். கேட்கும்போது சொற்களைப் பிடித்துப் பொருளை ஊகித்துவிடலாம். பேசும்போது வேற்றுமையும் வினைமுற்றும் சரியாக அமைந்தால்தான் வாக்கியம் நிற்கும்.

இனி, தமிழராகிய உங்களுக்குக் கையில் இருக்கும் சீதனத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான பாடநூல்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும், வேற்றுமை பெயருக்குப் பின்னால் வரும் என்பதை அவை பெரிய அதிசயமாகப் பல பக்கங்களில் விளக்கும். உங்களுக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு நேராகத் தமிழில் வைத்துப் பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்லும் ‘இத்தெ கிமஸ்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் ‘போய் வருகிறேன்’. ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டு நம் வீடுகளில் யாரும் படியிறங்குவதில்லையே, அங்கும் அப்படித்தான். ‘தபெதெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்ப்பது’, மிரு என்பது கண்ணால் பார்ப்பதற்கான அதே வினை. ‘யொந்தெ ஒகு’ என்றால் படித்து வைப்பது. ஒகு என்பது பொருளை ஓரிடத்தில் வைப்பதற்கான அதே வினை. எனக்குக் கொடுப்பதற்கு ‘குரெரு’, பிறருக்குக் கொடுப்பதற்கு ‘அகெரு’ என்று அவர்கள் பிரிப்பதை ஆங்கிலம் வழியாகப் படிக்கும் மாணவர்கள் மாதக்கணக்கில் குழப்பிக்கொள்வார்கள். தா என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடு என்பது படர்க்கைக்கும் உரியது என்று தொல்காப்பியம் வகுத்ததைப் பள்ளியில் படித்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே புரிந்த செய்திதான். ‘நானும்’ என்பதிலுள்ள உம் அங்கே ‘மோ’; ‘யாரும் வரவில்லை’ என்பதிலும் அதே ‘மோ’தான் வரும். இது, உது, அது, எது என்ற நம் பழைய நான்கும் அங்கே கொரெ, சொரெ, அரெ, தொரெ என்று வரிசையாக நிற்கின்றன. நாம் தொலைத்துவிட்ட ‘உது’வை யாழ்ப்பாணத்தாரும் ஜப்பானியரும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒற்றுமைகளைக் கண்டுதான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் பிறப்புறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. உறவு இல்லாவிட்டாலும் சாயல் இருக்கிறது. படிக்கிறவருக்கு அந்தச் சாயலே போதும். ஆகவே ஆங்கிலத்தில் நினைத்து ஜப்பானியத்துக்கு மாற்றாமல், தமிழில் நினைத்து நேராக மாற்றிப் பழகுங்கள். பாதி இலக்கணம் மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும்.

எழுத்தின் வரிசைகூட நமக்குப் புதிதன்று. அவர்களின் அகரவரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்த இந்திய எழுத்துமுறையின் தாக்கம் அது. ஹகரம் நிற்கும் இடத்தில் பழைய காலத்தில் பகர ஒலி இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், நம் நெடுங்கணக்கைத்தான் சுருக்கி வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும். ஒலியைக் குறிக்கும் அடிப்படை ஹிரகனா எழுத்துகள் 46. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம், முடித்தே ஆக வேண்டும்.

ஏன் முடித்தே ஆக வேண்டும் என்பதில்தான் தமிழர்களுக்கான பள்ளம் இருக்கிறது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். இந்தப் பதிலில் நானும் வேறு வழியில்லாமல் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். படிக்கும்போது இதைச் செய்யாதீர்கள். பொன்னுக்கும் வெள்ளிக்கும் அவர்கள் சொல்லும் இரண்டு சொற்களையும் தமிழில் ‘கின்’ என்றுதான் எழுத முடியும். ஒன்றில் ‘கடல்’ என்பதன் ககரம், மற்றதில் ‘தங்கம்’ என்பதன் ககரம். பல்கலைக்கழகத்துக்கான சொல்லையும் படிப்பை விட்டு விலகுவதற்கான சொல்லையும் எழுதினால் இரண்டும் ‘தைககு’தான், முதல் தகரம் அதிர்ந்து ஒலித்தால் பல்கலைக்கழகம், அதிராவிட்டால் படிப்பை நிறுத்துவது. நேர்முகத்தில் இதைத் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நாம் ஒரே எழுத்தை இடத்துக்கேற்ப இருவகையாக ஒலிக்கிறோம். அவர்களுக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். இதற்கு மாறாக, குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் ஆங்கிலேயரைப் படாத பாடு படுத்தும். நமக்கு அவை இயல்பு. ‘ஒஜிசன்’ மாமா, ‘ஒஜீசன்’ தாத்தா. மாத்திரை தெரிந்தவருக்கு இதில் என்ன தடுமாற்றம்?

கான்ஜிக்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் உறுப்புகளாகப் பிரித்துப் படித்தால் சுமை குறையும். மரத்துக்கான எழுத்தை இரண்டு முறை பக்கத்தில் எழுதினால் தோப்பு, மூன்று முறை எழுதினால் காடு, மரத்தின் பக்கத்தில் ஓர் ஆளைச் சாய்த்தால் ஓய்வு. நாளுக்கு இரண்டு எழுத்து என்று வைத்துக்கொண்டால் ஐந்து மாதத்தில் 300 வந்துவிடும். மீதி இரண்டு மாதம் மறந்தவற்றை மீட்பதற்கு.

மறதியைப் பற்றியும் ஒரு சொல். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இலேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டினார்: புதிதாகப் படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பார்த்தால் தங்குகிறது. இதற்கு ஆங்கி என்ற செயலி இலவசமாகக் கணினியில் கிடைக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் வேறு பக்கம் போய்விடுவேன் என்று அஞ்சுகிறவர்கள் அட்டைகளையே பயன்படுத்தலாம். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை அது: ஐந்து அறையுள்ள ஒரு பெட்டி, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும், தவறவிட்டது முதல் அறைக்கே திரும்பும், முதல் அறையைத் தினமும், கடைசி அறையை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைவிட இதற்குப் பொருத்தமானது எது? சீரக வாசம் போகக் கழுவிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி, சென்னை. தேர்வு எழுதப் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போகலாம். படிப்பதற்காகவும் அங்கே தங்க வேண்டுமா என்றால், நீங்கள் யாரோடு தங்குவீர்கள் என்பதைப் பொறுத்தது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் வகுப்புக்குப் போய்விட்டு மற்ற நேரத்தில் நண்பர்களோடு அறையில் அரட்டை என்றால், அது மொகல் தெருவுக்குப் போன கதைதான். தேவகோட்டையில் இருந்துகொண்டே இணையத்தில் ஒரு ஜப்பானியரை வாரம் மூன்று முறை பேச அமர்த்திக்கொண்டு, மீதி நேரத்தை நான் சொன்னபடி நடத்தினால் குறைவிருக்காது. சென்னை வகுப்பில் ஒரு நன்மை உண்டு: தேர்வின் போக்கு தெரிந்த ஆசிரியர் கிடைப்பார். 180-க்கு 90 வாங்கினால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19 எடுக்காவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தோல்விதான் என்பது போன்ற நுட்பங்களை அவர்கள் முதலிலேயே சொல்லி விடுவார்கள். இன்னொன்று, அந்தத் தேர்வில் பேச்சு என்ற பகுதியே இல்லை. அதனால் பல வகுப்புகளில் பேச வைப்பதும் இல்லை. 2019-இல் ஜப்பான் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவுக்கு என்4 சான்றிதழோ அதற்கு இணையான மொழித் தேர்வுச் சான்றோ வேண்டும், தொழில்திறன் தேர்வும் வேண்டும். அவற்றைக் காட்டிய பிறகு உங்களை வேலைக்கு எடுக்கிறவர் முதலில் செய்வது பேசிப் பார்ப்பதுதான்.

அந்தப் பேச்சுக்கு ஆயத்தமாக, கானாடுகாத்தானில் வண்டி ஓட்டும் ஒருவரைப் பார்த்து நான் கற்றதைச் சொல்கிறேன். பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்பதை அவர் வரைபடத்தில் காட்டுவாரா என்பது ஐயம்தான். ஆனால் பிரெஞ்சுப் பயணிகளோடு ஒரு முழுப் பகல் பேசிக்கொண்டு போகிறார். அவர்கள் கேட்கும் கேள்விகள் இருபதுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதை அவர் முதல் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். இவ்வளவு பெரிய வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன, தேக்கு எங்கிருந்து வந்தது, ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணியிடமே பதிலைத் திருத்தி வாங்கிக்கொண்டார். பிறகு ஆயிரம் முறை சொல்லிவிட்டார். உங்களிடமும் இருபது கேள்விதான் கேட்பார்கள்: என்ன படித்தீர்கள், ஏன் ஜப்பான், எந்த இயந்திரத்தில் வேலை செய்திருக்கிறீர்கள், இரவுப் பணி முடியுமா. அவற்றுக்கான பதில்களை இப்போதே தமிழில் எழுதி, ஜப்பானியத்துக்கு மாற்றி, அந்த இணைய ஆசிரியரிடம் திருத்தி வாங்கி, குரலைப் பதிவு செய்து அவரது குரலோடு ஒப்பிட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்வரை சொல்லுங்கள்.

கடைசியாக, தொடர்கள். அடியில் ஓடும் ஆங்கில வரிகளோடு பார்த்தால் நீங்கள் ஆங்கிலம் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்; பின்னணியில் ஜப்பானியம் ஒலிக்கிறது, அவ்வளவே. ஆயிரம் மணி நேரம் அப்படிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்த ஒரு பையனுக்குத் தெரிந்திருந்தது வில்லன்கள் மிரட்டும் சொற்கள் மட்டும். அவற்றை மேலதிகாரியிடம் பயன்படுத்த முடியாது. பார்க்க வேண்டுமானால் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து, ஜப்பானிய எழுத்திலேயே வரிகளை வைத்து, புரியாத சொற்களைத் தேடி, பிறகு வரிகளை மறைத்துவிட்டு, பேசுகிறவரின் வாலைப் பிடித்தபடி அதே வேகத்தில் கூடவே சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் தொண்டை வறண்டுவிடும்; அன்றைக்கு அது போதும். முதல் மூன்று மாதம் இதைத் தொடவும் வேண்டாம், ஏனென்றால் பத்தில் எட்டுச் சொல் தெரியாத இடத்தில் காது எதையும் பிடிக்காது. இந்த வாரத்தில் அந்த 46 எழுத்தை முடித்துவிட்டு, உங்கள் பெயரையும் ஊரையும் ஹிரகனாவில் எழுதி எனக்கு அனுப்புங்கள்; தேவகோட்டையின் முதல் தகரத்தை எந்த எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று பார்த்தாலே, நான் சொன்ன அந்தப் பள்ளத்தில் விழுந்தீர்களா இல்லையா என்பது எனக்குத் தெரிந்துவிடும்.